தெரியாத ஆள் மேல் ஒரு பிராது

பெரியப்பா டிராக்டரை நிறுத்திவிட்டு நேராக நடந்து வந்து நான் பார்த்ததில்லை. பின்பக்கமாகத்தான் நடப்பார். ஒரு முந்திரிக் கிளையை ஒடித்துக்கொண்டு, வண்டியைச் சுற்றியுள்ள மண்ணை அரைவட்டம் அரைவட்டமாகப் பெருக்கி, தன் காலடியையும் அழித்துக்கொண்டே குனிந்தபடி வரப்பு வரைக்கும் வருவார். வரப்பில் ஏறியதும் கிளையை வீசிவிட்டு ஒரு முறை பார்ப்பார். காலையில் வந்து மறுபடியும் பார்ப்பார். ராத்திரி யாராவது வண்டிப் பக்கம் வந்திருந்தால் தடம் விழுந்திருக்கும். நான் பள்ளிக்கூடம் போனபோதும் அப்படித்தான் செய்தார், காலேஜ் முடித்து வீட்டில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோதும் அப்படித்தான் செய்தார்.

அவர் பெயர் சக்கரபாணி. என் அப்பா பழமலைக்கு ஒரே அண்ணன். விருத்தாசலத்திலிருந்து நல்லூர் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். அதிலிருந்தும் உள்ளே, முந்திரித் தோப்புகளைத் தாண்டி இருக்கிறது பெரியப்பாவின் நிலம். அங்கே கரண்டு கம்பம் கிடையாது, பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. நடுவில் ஓடும் ஓடைமேல் இருந்த சின்னப் பாலம் ஒரு மழையில் உட்கார்ந்துவிட்டது. அதன்பிறகு டிவிஎஸ் வண்டி தட்டித் தடுமாறிப் போகும், டிராக்டர் போகாது. தோப்புகளுக்குள் புகுந்து, எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர் பக்கமாகச் சுற்றி வரலாம். தினமும் அப்படி வந்தால் டீசல் கட்டாது. அதனால் டிராக்டர் வயலிலேயே ஒரு பனைமரத்தடியில் நின்றது.

பழைய வண்டி. எந்தச் சாவியைப் போட்டாலும் திரும்பும். எனவே பெரியப்பா சாவியை நம்பவில்லை. சாயங்காலம் பேட்டரியைக் கழற்றி டிவிஎஸ்ஸின் முன்னால் வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். டீசல் குழாயை மூடி, அதன் நட்டு ஒன்றைக் கொஞ்சம் தளர்த்திவிடுவார். குழாய்க்குள் காற்று புகுந்துகொள்ளும். அந்தக் காற்றை எடுக்காமல் வண்டியைக் கிளப்ப முடியாது. முன் அச்சையும் பனைமரத்தையும் சேர்த்துச் சங்கிலி. கடைசியாகப் பெருக்கல்.

ஊரில் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"என்னா சக்கரபாணி, பொண்டாட்டிய தனியா வுட்டுட்டு வந்தாகூட இத்தினி தடவ திரும்பிப் பாக்கமாட்ட போலருக்குதே?"

"அவ தொலஞ்சா தானா வூட்டுக்கு வந்துருவா. இது வராதே" என்றார் பெரியப்பா. பெரியம்மா அம்புஜவல்லி காதுக்கு இது போனபோது, "நான் எதுக்கு வரேன், ஸ்ரீமுஷ்ணத்துல எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்" என்றார்.

இந்தக் காவல் வேலை முழுவதையும் அவர் ஒரே ஒருவருக்குத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். என் அப்பாவுக்கு. அப்பா விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்த்தார். சாயங்காலம் பேண்ட் முழுக்க வெள்ளை மண்ணோடு வந்து, அப்படியே சைக்கிளை மிதித்து வயலுக்குப் போவார். பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்களில் பேட்டரி கழற்றியது, நட்டைத் தளர்த்தியது, பெருக்கியது எல்லாம் அப்பாதான். அறுவடை சமயத்தில் டிராக்டருக்குப் பக்கத்திலேயே சாக்கு விரித்துப் படுத்தும் இருக்கிறார். வண்டி வாங்கும்போது நம் வீட்டு நெல் விற்ற காசும் போனது என்று அம்மா சொல்வார். பெரியப்பா வாயிலிருந்து அதை நான் கேட்டதில்லை.

கம்பெனியில் வேலை குறைந்து, வாரத்தில் பாதி நாள் சூளை எரியாமல் கிடந்தது. அப்போது ஒரு நாள் அப்பா கேட்டார். நானும் கூட இருந்தேன்.

"அண்ணே, வேலை இல்லாத நாளு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி அக்கம்பக்கத்துல உழவு ஓட்டிட்டு வரேனே."

"நீயா? பீங்கான் கணக்கா ரெண்டா ஒடச்சிக் கொண்டாந்து நிப்பாட்டவா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பாவும் சிரித்தார். மறுநாளும் போய் வண்டியைச் சுற்றிப் பெருக்கிவிட்டுத்தான் வந்தார். காவல் காக்க நம்பிய ஆளை, ஓட்ட ஏன் நம்பவில்லை? இதைப் பெரியப்பாவிடம் கேட்டிருக்க வேண்டும். அப்போது எனக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை.

கார்த்திகை மாதம் ஒரு காலையில் டிராக்டர் இல்லை.

பெரியப்பா போன் செய்ததும் அப்பாவும் நானும் ஓடினோம். பெரியப்பா வரப்பில் நின்றிருந்தார். கீழே இறங்கவில்லை, எங்களையும் இறங்கவிடவில்லை. பனைமரத்தடியில் சங்கிலி அறுந்து கிடந்தது. யாரோ வெளியாள் பேட்டரி கொண்டுவந்து மாட்டி, இரும்பு அறுக்கும் ரம்பத்தால் அறுத்து ஓட்டிப் போயிருக்கிறான் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் மண் பெருக்கியிருந்தது. அரைவட்டம் அரைவட்டமாக, சுத்தமாக, வரப்பு வரைக்கும். டயர்த் தடம் அந்தப் பெருக்கிய இடத்துக்கு வெளியேதான் தொடங்கியது.

"நேத்து நீ வந்தியாடா?" என்றார் பெரியப்பா.

"இல்லண்ணே. நேத்து நீதான பெருக்குன."

"ஆமா. நான்தான் பெருக்குனேன்."

அவர் பெருக்கியது வண்டி நின்றபோது. இது வண்டி போன பிறகு பெருக்கியது. இல்லையென்றால் டயர்த் தடம் மரத்தடியிலிருந்தே இருக்க வேண்டும். வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிப்போய் நிறுத்தி, இறங்கித் திரும்பி வந்து, கிளையை ஒடித்துப் பெருக்கியிருக்கிறான். எந்தத் திருடனுக்கு அந்த நேரத்தில் அப்படித் தோன்றும்? கை பழகியவனுக்குத்தான் தோன்றும். இவ்வளவும் எனக்குப் பின்னால்தான் புரிந்தது. அன்று நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன், எதுவும் உறைக்கவில்லை. டிகிரி வாங்கியவள்.

போலீஸில் புகார் கொடுத்தார்கள். வந்து பார்த்தவர், டீசல் குழாயிலிருந்த காற்றையெல்லாம் எடுத்துக் கிளப்பியிருப்பதால் இது மெக்கானிக் வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். நாட்கள் போயின. தகவல் இல்லை. பெரியம்மாதான், "கொளஞ்சியப்பருக்கு பிராது கட்டிடுங்க" என்றார்.

எங்கள் பக்கத்தில் போலீஸுக்கு எழுதிக் கொடுத்தாலும் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பருக்கும் எழுதிக் கொடுத்தால்தான் மனசு ஆறும். குறையைத் தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, முனியப்பர் சந்நிதியில் வேலில் கட்டிவிட்டு வர வேண்டும். நம் ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பார்கள். விசாரிக்க முனியப்பர் அவ்வளவு தூரம் நடந்து வரவேண்டுமே, அவருக்குப் படிக்காசு. காரியம் முடிந்ததும் கொடுத்தவரே வந்து பிராதை வாபஸ் வாங்க வேண்டும். வாங்காதவரை வழக்கு நடக்கிறது, முனியப்பர் எதிராளியை விடமாட்டார் என்று அர்த்தம்.

பெரியப்பா, அப்பா, நான் மூன்று பேரும் போனோம். கோயில் வாசலில் அப்பா நின்றுவிட்டார். "நீங்க போங்க. நான் செருப்பப் பாத்துக்கறேன்."

மண்டபத்தில் பெரியப்பா என்னிடம் தாளை நீட்டினார்.

"எழுது டிகிரி. நான் சொல்றத அப்படியே எழுதணும். உன் இங்கிலீசெல்லாம் சாமிக்கு வேணாம்."

அவர் பெயர், ஊர், காணாமல் போன வண்டி எல்லாம் எழுதினேன்.

"எதிராளி பேரு என்னான்னு எழுதறது, பெரிப்பா?"

அவர் வேல்களில் கட்டியிருந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியாத ஆளுன்னு எழுது."

"யார் மேலயாவது சந்தேகம் இருந்தா..."

"தெரியாத ஆளு. எழுதிட்டியா? எங்க, படி. நல்லா சத்தமா படி."

படித்தேன். மேடையில் பேச்சுப்போட்டிக்குப் பேசுகிற மாதிரி, நிறுத்தி நிறுத்திப் படித்தேன். வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்ற அப்பாவுக்கும் கேட்டிருக்கும்.

அந்த மாதம் முடிவதற்குள் டிராக்டர் கிடைத்தது. மங்களூர் தாண்டி ஒரு ஏரிக்கரையில் அனாதையாக நின்றது. வாங்க வந்தவர்கள் போலீஸ் தேடுவதைக் கேள்விப்பட்டு விட்டுவிட்டுப் போயிருக்கலாம் என்றார்கள். ஊரே முனியப்பரைப் புகழ்ந்தது. அப்பாவுக்கு அன்றைக்கே காய்ச்சல் வந்தது.

காய்ச்சல் விடவில்லை. மாத்திரைக்கு இறங்கி மறுபடி ஏறியது. ஒரு மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, பெரிப்பாகிட்ட சொல்லி அந்த பிராத வாபஸ் வாங்கச் சொல்லேன்."

"வண்டிதான் கெடச்சிட்டுதே, அவங்களே வாங்குவாங்க. உனக்கு என்னாப்பா அதுல?"

அவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போதுதான் அந்த மண் எனக்குத் திடீரென்று புரிந்தது.

"நீயாப்பா?"

"எனக்கும்தான் அது வண்டி" என்றார் சுவரைப் பார்த்தபடி. "எத்தினி வருசம் நாயாட்டம் காவல் கெடந்தேன்."

நான் எழுந்து பெரியப்பா வீட்டுக்குப் போனேன். யார் மேல் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மாட்டுக்குத் தவிடு கலந்துகொண்டிருந்தார்.

"பெரிப்பா, பிராது வாபஸ் வாங்கலியா?"

"யாரு மேல குடுத்தத?"

"நீங்க குடுத்ததுதான்."

"தெரியாத ஆளு மேல குடுத்தது. நீதான எழுதின. எங்கிட்ட வந்து எவனும் நான்தான் எடுத்தேன்னு சொல்லலியே. பொறவு எப்படி தீந்துச்சின்னு போயி சொல்றது?"

"உங்களுக்கு அன்னிக்கே தெரியும்."

அவர் தவிட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பெருக்கக் கத்துக்குடுத்தது ஒருத்தனுக்குத்தான். கேக்கக்கூடாதுன்னு இருந்தேன். அவனா வந்து சொல்லட்டும். அண்ணே நான்தான்னு வாயத் தொறந்து ஒரு வார்த்த. அன்னிக்கே பஸ் ஏறிப் போயி அவுத்துட்டு வந்துடறேன்."

"அப்ப என்னை ஏன் எழுத வெச்சீங்க?"

அவர் தவிட்டை மாட்டின் முன்னால் தள்ளி வைத்தார். எதிராளி பெயரைப் போடாமல் விட்டது தம்பியைக் காப்பாற்றவா? அப்படியென்றால் தம்பி மகள் கையால் எழுதவைத்து, சத்தமாகப் படிக்கவைத்தது எதற்கு? ஒருநாள் அதைப் பெருந்தன்மை என்று நினைப்பேன். இன்னொரு நாள், எங்கள் வீட்டில் படித்த ஒரே கையைத் தேடிப் பிடித்து அப்பாவை அடித்தார் என்று நினைப்பேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் என்னை ஏமாற்றினார்கள். ஒருவர் உண்மையைச் சொல்லாமல், இன்னொருவர் உண்மை தெரிந்தும் பொய்யை எழுதவைத்து.

அவர் சொன்னதை அப்பாவிடம் அப்படியே சொன்னேன். "போறேன்" என்றார். போகவில்லை. காய்ச்சல் விட்டு எழுந்து வேலைக்கும் போனார், அண்ணன் வீட்டுப் படி மட்டும் ஏறவில்லை. தெருவில் பார்த்தால் இருவரும் மழையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

அடுத்த சாகுபடிப் பட்டத்துக்குப் பெரியப்பா வண்டியை விற்றுவிட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டார். திருப்பூரில் இருக்கிற மகள் வளர்மதி அக்கா வீட்டுக்கே பெரியம்மாவோடு கிளம்பினார். பெட்டிகளை பஸ் வரைக்கும் தூக்கி வந்தது அப்பாதான். பஸ் வந்ததும் பெரியப்பா இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்தார். அப்பா கையை நீட்டினார். பெரியப்பா அந்தக் கையைத் தாண்டி என் கையில் சாவியை வைத்தார்.

"வாரத்துக்கு ஒருக்கா தொறந்து காத்தாட வையி, டிகிரி."

நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்பா பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிப்பா, பிராது" என்றேன்.

"வரும்போது பாப்பம்."

அதன்பிறகு ஒரு மாசிமகத்துக்கும் ஒரு கல்யாணத்துக்கும் வந்தார். கோயில் பக்கமே போகவில்லை. அப்பாவும் வாயைத் திறக்கவில்லை. தலைவலி வந்தாலும், சூளையில் கை சுட்டுக்கொண்டாலும், "அண்ணன் இன்னும் அவுக்கல" என்பார்.

போன வாரம் நானே மணவாளநல்லூரில் இறங்கினேன். எழுதியவள் நான்தானே, நானே சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். அங்கே இருந்தவர் கேட்டார், "யாரும்மா குடுத்த பிராது?"

"எங்க பெரிப்பா."

"அப்ப அவருதான வரணும்."

திருப்பூருக்குப் போன் போட்டேன். பெரியம்மா எடுத்தார், பெரியப்பாவிடம் கொடுத்தார். கோயிலிலிருந்து பேசுகிறேன் என்றேன்.

"உங்கப்பன் வந்திருக்கானா?" என்று கேட்டார்.

"இல்ல, பெரிப்பா."

"செரி, வெயில்ல நிக்காத. வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.