சஹனில் இருந்து எழும்பியவள்

ஜுனைதாவைப் பற்றி மருதமுனையில் யாரிடம் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள்: கலியாண வீட்டில் சஹன் சோற்றில் இருந்து பாதியில் எழும்பினவள். ஏன் எழும்பினாள் என்று கேட்டுப் பாருங்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் அவளுக்கு அடுத்த வளவுக்காரி. எங்கள் இரண்டு வீட்டுத் தறிகளுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். அதனால் காரணத்தை நான் சொல்கிறேன்.

அவளுக்கு நதீரா என்று ஒரே மகள். கைக்குழந்தையாக இருக்கும்போதே கன்னத்தில் கரப்பன் வந்தது. நடக்கத் தொடங்கியபோது அது முழங்கை மடிப்புக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கும் இறங்கியது. பிள்ளை இரத்தம் வரும்வரை சொறியும். தறியில் இருக்கும் ஜுனைதா, நாடாவை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள்.

புத்தி சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமா? வயிற்றில் பிள்ளை இருக்கும்போது இறால் தின்றிருப்பாய் என்றார்கள். கணவாய் தின்றிருப்பாய் என்றார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார்கள். பூசியதும் பிள்ளை நெருப்பில் விழுந்தது போலத் துடித்தது. கடல் தண்ணீரில் குளிப்பாட்டினால் மாறும் என்று ஒருத்தி சொல்ல, அதையும் செய்தாள். அன்று பிள்ளை கத்திய கத்தில் கரைவலை இழுத்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். புத்தி சொன்னவர்களில் ஒருத்தியாவது அந்தக் கடற்கரையில் வந்து நின்றாளா? இல்லை.

எல்லாருக்கும் மேலே அஸீஸா. ஜுனைதாவின் புருசன் றஸாக்கின் ராத்தா, அவனுக்கு மூத்தவள். றஸாக் நல்ல மனிதன்தான், ஆனால் ராத்தா சொன்னால் அவனுக்கு வேறு பேச்சுக் கிடையாது. பிள்ளை சொறியாமல் இருக்க இரண்டு கைகளையும் பின்னால் கட்டிவிடச் சொன்னவள் அந்த அஸீஸா. சொன்னதோடு நிற்கவில்லை, ஒரு நாள் ஜுனைதா தண்ணீர் அள்ளப் போன நேரம் பார்த்து நூலை முறுக்கித் தானே கட்டியும் விட்டாள். ஜுனைதா வந்து கத்தரியால் அறுத்தாள். மதினியிடம் அன்று ஒன்றும் பேசவில்லை. நானாக இருந்தால் பேசியிருப்பேன்.

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளிக்கு அடுத்த வருடம் அஸீஸாவின் மூத்த மகளுக்குக் கலியாணம். நதீராவுக்கு அப்போது நாலு வயது. பெண்களுக்கு உள்வீட்டில் பாய் விரித்துச் சஹன் வைத்தார்கள். ஒரு தட்டுச் சோற்றைச் சுற்றி ஆறு பேர் இருந்து, ஆளுக்காள் இறைச்சியைத் தள்ளிக் கொடுத்துத் தின்பது எங்கள் வழக்கம். தின்று முடித்தவரும் மற்றவர்கள் முடிக்கும்வரை கையை எடுக்காமல் இருப்பார். இடையில் எழும்புவது அந்தத் தட்டில் இருக்கிற அத்தனை பேரையும் அவமதிப்பது.

ஜுனைதா மகளைப் பக்கத்தில் இருத்தி பிஸ்மி சொல்லிக் கை வைத்தாள். நானும் அதே சஹனில்தான் இருந்தேன். அஸீஸா வந்தாள், நதீராவைத் தூக்கினாள், சமைக்கிற குசினி வாசலில் கொண்டுபோய் இருத்தினாள். அங்கே ஒரு பீங்கான் தட்டில் சோறு தயாராக இருந்தது. யோசித்து, முன்கூட்டியே போட்டு வைத்த சோறு.

"சின்னப் புள்ளைக்குத் தனிய வெச்சிரிக்கன் ஜுனைதா," என்றாள் சிரித்துக்கொண்டே. "புண் கையோட சஹன்ல இருந்தா மாப்புள ஊட்டாக்கள் என்ன நினைப்பாங்க?"

நதீரா பீங்கானைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு அங்கிருந்தே கேட்டது: "உம்மா, என்ட கை ஊத்தையா?"

ஜுனைதா எழும்பினாள். கைச் சோற்றை உதறாமல் அப்படியே போய் மகளுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, அந்தப் பீங்கானில் தின்றாள். மறுநாள் ஊர் முழுக்கக் கதை. எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? பீங்கானைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலு வயதுப் பிள்ளையை வாசலில் இருத்தியதைப் பற்றி ஒரு சொல் இல்லை. அவள் சஹனில் இருந்து எழும்பியதைத்தான் பேசினார்கள். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குப் பிறகு அவள் யாருடைய புத்தியையும் கேட்கவில்லை. கல்முனைக்குப் பஸ் ஏறி புண்ணியமூர்த்தி டொக்டரிடம் பிள்ளையைக் காட்டினாள். நானும் கூடப் போனேன். அவர் மடிப்புகளை எல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தொத்து வருத்தமில்ல. நீங்க சாப்பிட்டதால வந்ததுமில்ல. வாறதும் போறதுமா இருக்கும், பாத்துக்கொண்டா புள்ள நல்லா இருப்பா."

தான் தின்றதால் வந்ததில்லை என்ற இடத்தில் ஜுனைதா அழுதுவிட்டாள். நாலு வருடமாக அந்த இறாலை ஒவ்வொரு நாளும் அவள் தலையில் கட்டியிருந்தார்கள் அல்லவா?

டொக்டர் பூச மருந்து தந்தார், செய்ய வேண்டியதையும் சொன்னார். வெந்நீர் கூடாது, உரசக் கூடாது, ஊறவிடாமல் கெதியாகக் குளிப்பாட்டி ஒற்றி எடுத்து, ஈரம் காயும் முன்னே எண்ணெய் பூச வேண்டும். சூறாவளி எங்கள் தென்னைகளை முறித்துப் போட்டிருந்ததால் தேங்காயெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. வீட்டில் இருந்த எண்ணெய் பிள்ளையின் தோலுக்கே போனது. ஜுனைதாவின் தலை எண்ணெய் காணாமல் தும்புக்கட்டையாகக் கிடந்தது, அதற்கும் சிரித்தார்கள்.

புதுத் துணியின் கஞ்சி விறைப்புப் பட்டால் நதீராவுக்குத் தோல் சிவந்துவிடும். நாள் முழுக்கப் புதுச் சாறன் நெய்கிறவள், புருசனின் தேய்ந்த பழைய சாறனை வெட்டி மகளுக்குச் சட்டை தைத்தாள். பெருநாளைக்கும் அதுதான். "சாறன் சட்டைக்காரி" என்று பிள்ளைக்குப் பட்டம் வைத்தார்கள். வைத்தவர்கள் பிள்ளைகள் இல்லை, பெரியவர்கள்.

அவள் வீட்டில் "சொறியாதே" என்ற சொல்லை யாரும் சொல்லக் கூடாது. றஸாக் ஒருமுறை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டான். "சொறியாதண்டு சொன்னா கடி நிக்குமா?" என்று கேட்டாள். கடிக்கும்போது ஈரத் துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தப் பழக்கினாள். அழுத்திக்கொண்டே பிள்ளைக்குக் கதை சொல்வாள். தறி சும்மா கிடக்கும். நகத்தை ஒட்ட வெட்டி வைத்தாள். கரப்பன் போனது, வந்தது, திரும்பப் போனது. ஆனால் பிள்ளை சிரித்தது, விளையாடியது. விருந்து வீடுகளுக்கு மட்டும் ஜுனைதா போகவில்லை. தன் மகளுக்குச் சஹனில் இடம் இல்லாத வீட்டில் தனக்கும் சோறு வேண்டாம் என்றுவிட்டாள்.

மூன்று வருடம் போனது. ஒரு நாள் அஸீஸா பின்பக்கத்து வேலியால் வந்தாள். முன்வாசலால் வர முகம் இல்லை. அவளுடைய பேரன் காலிதீனுக்குக் கன்னம் இரண்டும் சிவந்து வெடித்திருந்தது.

"மகள்ட புள்ளைக்கும் அதுதான். என்ன செய்யிறதெண்டு காட்டித் தா. வெளியில மட்டும் சொல்லிராத புள்ள," என்றாள்.

"புள்ளை என்ன களவா எடுத்திச்சி மதினி, ஒளிச்சி வைக்கிறதுக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள் ஜுனைதா. கேட்டுவிட்டுப் பேரனை வாங்கிக் குளிப்பாட்டினாள், எண்ணெய் பூசினாள், டொக்டரிடமும் அனுப்பினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பல்லைக் கடித்தேன். அஸீஸா போன பிறகு, உனக்கு வெட்கம் ரோசம் இல்லையா என்று கேட்டேன். சொறிவது மதினி இல்லை, பிள்ளை என்றாள் ஜுனைதா. பிறகு காலிதீன் நதீராவின் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை.

அடுத்த வருடம் அஸீஸாவின் இளைய மகளுக்குக் கலியாணம். அஸீஸாவே வந்து அழைத்தாள். நதீரா சஹனில் இருப்பாள் என்றால் வருகிறேன் என்றாள் ஜுனைதா. அஸீஸா தலையை ஆட்டினாள்.

அதே உள்வீடு, அதே பாய். எங்கள் சஹனில் ஜுனைதா, நான், நதீரா, மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் மூன்று பேர். காலிதீன் ஓடிவந்து நதீராவின் மடியில் ஏறினான். அன்று பார்த்து அவன் கன்னம் சிவந்திருந்தது. எல்லோரும் கை வைத்து இரண்டு வாய் தின்றிருப்போம். சோறு போட நின்றவர்களில் ஒருத்தி வந்து காலிதீனைத் தூக்கினாள். கெட்டவள் இல்லை, சிரித்த முகம்தான்.

"சின்னப் புள்ளைக்குத் தனிய வெச்சிரிக்கி," என்றாள்.

குசினி வாசலில் ஒரு பீங்கான். பிள்ளை அதற்கு முன்னால் இருந்து வீரிட்டு அழுதது. கறிச் சட்டியோடு நின்ற அஸீஸாவின் முகத்தில் இரத்தம் இல்லை. வந்திருந்த மாப்பிள்ளை வீட்டாரைப் பார்த்தாள், பேரனைப் பார்த்தாள், திரும்ப மாப்பிள்ளை வீட்டாரையே பார்த்தாள்.

இந்த முறை ஜுனைதா எழும்பவில்லை.

"மதினி, புள்ளையையும் அந்தப் பீங்கானையும் இஞ்ச கொண்டாங்க," என்றாள்.

அஸீஸா சட்டியை வைத்துவிட்டு, பேரனை இடுப்பிலும் பீங்கானைக் கையிலுமாக வந்தாள். ஜுனைதா பீங்கானை வாங்கி, அந்தச் சோற்றை அப்படியே சஹனுக்குள் கவிழ்த்தாள். காலிதீனை நதீராவின் மடியில் இருத்தினாள்.

"இது தொத்தாது. தொத்துறதெண்டா எனக்குத்தானே முதல்ல தொத்தியிரிக்கணும். தின்னுங்க."

மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தியின் முழங்கால் கொஞ்சம் அசைந்தது, பிறகு அசையவில்லை. சஹனில் இருந்து பாதியில் எழும்பினால் இந்த ஊர் எத்தனை வருடம் பேசும் என்று அவர்களுக்கும் தெரியும். மூத்தவள் கையை நீட்டிச் சோற்றைப் பிசைந்தாள், மற்ற இருவரும் தின்னத் தொடங்கினார்கள். நதீரா எலும்பு இல்லாத துண்டாகப் பார்த்துக் காலிதீனுக்குப் பிய்த்துக் கொடுத்தாள். என் வயிறு குளிர்ந்தது.

வெறும் பீங்கானை ஜுனைதா அஸீஸாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்திருந்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், நாங்கள் தின்று முடித்து எழும்பும்வரை அவள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.