அக்கா பாடிய ஆறாம் பக்கம்

எங்கள் அக்கா அவர்கள் கர்த்தரிடம் போய் ஒரு வருடம் ஆகிறது. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது மேலூர் பக்கம். கல்யாணமாகி செல்லூருக்கு வந்தார்கள். அத்தான் சீக்கிரமே தவறிவிட, விசைத்தறி ஓட்டி என்னையும் வளர்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவில் ஆல்ட்டோ பாடுவார்கள். அது பெண்களின் கீழ்க்குரல். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. பெரிய பெரிய ஆங்கிலப் பாட்டுகளின் வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, மேலே ராகத்துக்கு தோ, ரே, மீ என்ற சோல்பா குறிகளைப் போட்டு, நோட்டு நோட்டாக வைத்திருந்தார்கள். இருபது வருடம் அப்படித்தான் பாடினார்கள்.

பிறகு குழுவுக்குப் புதுத் தலைவர் வந்தார். பெயரை அச்சிட வேண்டாம் என்று மலர் போடும் என் மச்சான் சொன்னதால் விடுகிறேன். ஒருநாள் பயிற்சியில் எல்லார் முன்னாலும் சொன்னார்:

"தறி ஓட்டுற ஆளுக்கு இந்தப் பாட்டெல்லாம் எதுக்கும்மா? உங்க இங்கிலீஷைக் கேட்டா சிரிப்பாங்க."

அக்கா வீட்டுக்கு வந்து சோறு வடித்தார்கள். அதன்பின் ஒன்பது வருடம் கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சபையார் பாடும் பாட்டுக்குக்கூட வாய் திறக்கவில்லை.

போன வருடத்துக்கு முந்தின கிறிஸ்துமஸ் சமயம், யார் வேண்டுமானாலும் வந்து சேர்ந்து பாடலாம், குரல் தேர்வு கிடையாது என்று ஒரு நிகழ்ச்சி வைத்தார்கள். அக்காவுக்கு அப்போதே வயிற்றில் கட்டி. மருந்தில் முடி கொட்டியிருந்தது.

"நான் போறேன்டா" என்றார்கள்.

"அந்த ஆளுதான் நடத்துறாராம்க்கா."

"நடத்தட்டும். நாற்காலி என்ன அவரு வீட்டுதா?"

மண்டபத்தில் அக்கா ஆல்ட்டோ முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் வாசல் ஓரம் நின்றேன். பாட்டு பாதியில் குளறியது. ஆல்ட்டோப் பெண்கள் எல்லாரும் எங்கோ தாவிப் போனார்கள். அக்கா குரல் மட்டும் தனியாகக் கேட்டது. தலைவர் தாளம் காட்டிய கையை நிறுத்தினார்.

"யாரது தனியா? தெரியலைன்னா வாயை மூடிட்டு இருங்க."

அக்கா எழுந்தார்கள். "நான்தான் சார். இவுகளுக்குக் குடுத்த தாள்ல ஒரு பக்கம் இல்ல. என் நோட்டுல இருக்கு."

பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சரம்மா தாளைப் புரட்டினார். "ஆமா சார், அஞ்சுக்கு அப்புறம் ஏழு இருக்கு. நகல் எடுத்தப்ப பாக்கலையா?"

"அப்ப ஆறை விட்டுருவோம்."

"ஏன் விடணும்? இவுக பாடட்டும், கேட்டு நாங்க கூடவே வாரோம்."

அக்கா முதலில் தனியாகப் பாடிக் காட்டினார்கள். பிறகு அத்தனை பெண்களும் அக்கா வாயைப் பார்த்துப் பாடினார்கள். தமிழில் எழுதிய அந்த ஆங்கிலத்துக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நான் தலைவர் முகத்தைத்தான் பார்த்தேன். அக்காவிடம் ஒரு மன்னிப்புக்கூட அவர் கேட்கவில்லை; எனக்கு இது போதவில்லை.

மூன்று மாதத்தில் அக்கா போய்விட்டார்கள். அடக்கத்தன்று அந்தத் தலைவர் மாலையோடு வந்து மைக்கைப் பிடித்தார். "இந்தச் சகோதரியைப் பாட்டில் உருவாக்கியவன் நான்" என்றார். நான் போய் மைக்கை வாங்கினேன்.

"போதும் சார். போய் உக்காருங்க."

அதுதான் நான் மைக்கில் பேசிய முதல் பேச்சு. மன்னித்துவிடும்படி எங்கள் சபைப் போதகர் ஐயர் சொன்னார். அக்காவும் கடைசி நாட்களில் "விடுறா, பாவம்" என்றுதான் சொன்னார்கள். அது அக்காவின் மனசு. எனக்கு அந்த மனசு இல்லை.

அக்காவைப் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், கேட்டபோதெல்லாம் லீவு கொடுத்த தறி முதலாளிக்கும், கல்லறையில் வந்து பாடிய டீச்சரம்மாவுக்கும் ஆல்ட்டோப் பெண்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

குழுத் தலைவருக்கு இந்த மலரை நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். வருகிற டிசம்பரிலும் யார் வேண்டுமானாலும் வரலாமாம். எனக்குப் பாட வராது. அக்கா உட்கார்ந்த அதே ஆல்ட்டோ முதல் வரிசையில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்து, பாட்டு முடிகிற வரைக்கும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முடிந்தால் என்னை எழுந்து போகச் சொல்லட்டும்.

இப்படிக்கு,
தம்பி