வியட்நாம் கோடும் எங்கள் கோடும்

அந்த மேனேஜரை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. என்னை நினைத்தால் இன்னும் அதிகமாக எரிகிறது.

மலேசியாவில் லூனாஸ் ஊர்ப் பக்கம் ஒரு வெனீர் ஆலையில் ஏற்றுமதிக் கிளார்க்காக இருந்தேன். பால் வற்றிய ரப்பர் மரத்தை மெஷின் தாள் தாளாகச் சீவித் தள்ளும்; அந்தத் தாள்தான் வெனீர். காய்ந்ததும் அதில் ஓட்டை, கறை பார்த்துத் தரம் பிரிப்பது என் அக்காவும் இன்னும் பதினொரு பெண்களும். புருஷன் செத்த பிறகு இரண்டு பிள்ளைகளை அந்த மரத்தூசியில் நின்றுதான் அவள் படிக்கவைத்தாள்.

மேனேஜர், பாக்கார் ஆராங் என்ற ஊரிலிருந்து காரில் வருபவர். நம் தமிழ் ஆள்தான், ஆனால் ஒரு நாளும் மரத்தைத் தொட்டுப் பார்த்ததில்லை. ஒரு காலையில் என் மேசைக்கு வந்தார்.

“தங்கச்சி, மலேசியா எவ்ளோ வெனீர் வெளிய அனுப்புது, வியட்நாம் எவ்ளோ அனுப்புது, வருஷா வருஷம் போட்டு ஒரு கிராஃப் குடு. பெரிய பாஸுக்குக் காட்டணும். ஒரே பக்கம் போதும்லா.”

போட்டேன். வியட்நாம் கோடு ஏறியது, எங்கள் கோடு இறங்கியது. பார்த்ததுமே உறுத்தியது. நாங்கள் சீவுவது எங்கே குறைந்தது? முன்பெல்லாம் வெனீராகவே கப்பலேற்றினோம். பிறகு இங்கேயே பசை போட்டு ஒட்டி, பிளைவுட்டாக அனுப்ப ஆரம்பித்தோம். எனக்குத் தெரிந்த மற்ற ஆலைகளும் அப்படித்தான் மாறின. சுங்கத்துறைத் தாளில் அது வெனீர் கணக்கில் வராது. மாதா மாதம் அந்தத் தாளை நிரப்பியவளே நான்.

மேனேஜரிடம் சொன்னேன்.

“அதெல்லாம் எதுக்கு? குழப்பாத.”

நானும் குழப்பவில்லை. என்னை நிரந்தரமாக்குவதாக அப்போதுதான் சொல்லியிருந்தார். சீ!

கூட்டத்தில் பெரிய பாஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைத்தான் பார்த்தார். கணக்கு சரிதானா என்று மலாயில் கேட்டார். “பெத்துல்கா?”

ஓர் எண்ணும் தப்பில்லை. “பெத்துல், பாஸ்,” என்றேன். மீதியைச் சொல்ல என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

சீவும் மெஷினை நிறுத்துவது, வெனீரை வியட்நாமிலிருந்து வாங்கி இங்கே ஒட்ட மட்டும் செய்வது என்று முடிவாயிற்று. தரம் பிரிக்கும் பெண்களுக்கு மாதக் கடைசியோடு வேலை இல்லை. கடிதம் கொடுத்துக் கையெழுத்து வாங்கும் வேலையையும் மேனேஜர் என் தலையிலேயே கட்டினார்.

அக்கா கடிதத்தைப் படித்தாள். “வியட்நாம்காரன் ஏறிட்டானாம், நாம எறங்கிட்டோமாம். நாங்க தூக்குற கட்டு ஒன்னும் கொறயலையேடி?”

“கொறயலக்கா. பிளைவுட்டா போறது அந்த கிராஃப்ல வராது.”

“ஒனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“பெரிய பாஸ் கேட்டப்ப சொன்னியா?”

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினேன். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என் மேசையில் எறிந்தாள்.

“மேனேஜரு வெளியாளு, விடு. நீ என் கூடப் பொறந்தவடி! இன்னையோட ஒன்னத் தலைமுழுகிட்டேன்.”

இப்போது அவள் கூலிம் ஹைடெக் தொழிற்பூங்கா வேலைக்கு விடியுமுன்னே பஸ் ஏறுகிறாள். போன மாதம் அவள் மூத்த மகளுக்குக் கல்யாணம். அந்தப் பதினொரு பெண்கள் வீட்டுக்கும் நேரில் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறாள். என் வீட்டுக்கு வரவில்லை.