மீன்காரி சிலைக்கு ஒரு ஜன்னல்

ஒடெசாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நான், போர் தொடங்கிய சில நாட்களில் ஒரே ஒரு பையோடு கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். ஒடெசாவில் எனக்கு அறை கொடுத்திருந்த வீட்டுக்காரம்மா கிளம்பவில்லை. டிராம் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். அறுபத்தைந்து வயதிலும் தலைக்குக் கேரட் நிறத்தில் சாயம் பூசுவார். "எனக்கு டிராமைப் பின்னால ஓட்டிப் பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிட்டார்.

சைரன் ஒலித்ததும் ஜன்னல் இல்லாத நடைவழியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எனக்கு வீடியோ அழைப்புப் போடுவார். இரண்டு சுவர்களுக்கு உள்ளே இருந்தால் கண்ணாடிச் சில்லு தெறிக்காது என்பது கணக்கு. இங்கே அடுப்படியில் நானும் உம்மாவும். உம்மாவுக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் பொதுவாக ஒரு சொல்கூடக் கிடையாது. நடுவில் நான், ஒடெசா காய்கறிச் சந்தையில் பொறுக்கிய ரஷ்ய மொழியோடு.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நான் யோக்கியமான மொழிபெயர்ப்பாளர் இல்லை.

"இந்தப் பொம்பள ஒண்ணும் தின்னுறதில்லையா? கன்னத்துல எலும்பு துருத்திட்டு நிக்கிது" என்பார் உம்மா. "உங்க கன்னம் செதுக்கி வச்ச மாதிரி இருக்காம்" என்பேன் நான். அந்தப் பக்கம் முகவாய் நிமிரும், கேரட் முடி ஒதுங்கும். "பாத்தியா மோளே, நான் சொன்னது அவங்களுக்கு மனசுல பட்டுது" என்று உம்மா திருப்திப்படுவார்.

ஒருநாள் வீட்டுக்காரம்மா கோபத்தில் கொதித்துக்கொண்டு திரையில் வந்தார். அவர் தெருமுனைப் பூங்காவில் ஒரு வெண்கல மீன்காரி நிற்கிறாள், கையில் தட்டையான ஒரு மீனோடு. அந்த வட்டாரத்தில் எதற்கும் அவளிடம்தான் போவார்கள். பரீட்சை, கல்யாணம், பல்வலி, எதுவானாலும் மீனைத் தொட்டுவிட்டுப் போவது வழக்கம். தொட்டுத் தொட்டு மீன் மட்டும் பளபளவென்று இருக்கும். உடற்கூறியல் தேர்வுக்கு முன்னால் நானும் தொட்டிருக்கிறேன். குண்டு விழுந்தாலும் அவளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று தொண்டர்கள் கடற்கரை மணலைச் சாக்குகளில் அள்ளி வந்து அடுக்கி அவளைத் தலை வரைக்கும் மூடிவிட்டார்களாம்.

"இப்பத்தானே மீன் தேவை! இப்பப் போய் மூடினா எப்படி?" என்று வீட்டுக்காரம்மா கத்தினார். கை நுழைய ஒரு வழி விடச் சொன்னாராம். வழி விட்டால் மொத்தமும் சரிந்துவிடும் என்று மறுத்துவிட்டார்களாம்.

மூடுவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டினார். உம்மா முதல் படத்தை உற்றுப் பார்த்தார். "எந்த மீனு? மாந்தலா? மாந்தலுக்குப் போயி சிலையா? நெய்மீனாவது வச்சிருக்கலாமே!"

"மீன்களுக்கே ராணி அப்படீங்கிறாங்க" என்றேன் வீட்டுக்காரம்மாவிடம்.

சாயா குடிக்க வந்த வாப்பாவும் விஷயத்தைக் கேட்டுவிட்டு மூட்டைப் படத்தை எட்டிப் பார்த்தார். கடைத்தெருவில் அவருக்குச் சாக்கு வியாபாரம். பழைய சாக்கை வாங்கித் தைத்து, மிளகு, சுக்குக் கிடங்குகளுக்குக் கொடுப்பார். முப்பது வருடமாக மூட்டை அடுக்குவதைப் பார்த்த கண் அது.

"யாரு அடுக்கினது இது? சாக்கு வாயெல்லாம் வெளியே பாத்துட்டு நிக்கிது. ஒரு மழ பெஞ்சா அம்புட்டும் ஊத்திரும். சுக்குக் கிடங்குல காத்துப் போக நாங்க ஓட்டை விடுறதில்லையா? ஓட்டைக்கு மேலே ஒரு கனத்த பலகை வை, ரெண்டு பக்கமும் செங்கல் மாதிரி மாத்தி மாத்திப் போடு, சாக்கு வாய உள்ளே திருப்பு. யானை வந்து சாஞ்சாலும் நிக்கும்."

"சாக்கு வியாபாரி" என்பதற்கு எனக்கு ரஷ்ய மொழியில் சொல் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். "என் அப்பா பாரம் தாங்கும் கட்டுமான நிபுணர்" என்றேன்.

மறுநாள் மதியம் தொண்டர்கள் மூன்று பேர் பூங்காவிலிருந்தே, வீட்டுக்காரம்மாவின் போனில் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைத்தார்கள். அவர் சொன்ன இந்திய நிபுணரோடு பேச வேண்டுமாம். நான் போனோடு கடைக்கு ஓடினேன்.

"என்னடி சொல்லி வச்சே அவங்ககிட்ட?"

"பேசுங்க வாப்பா. நான் பாத்துக்கிறேன்."

வாப்பா மடித்துக் கட்டியிருந்த முண்டு வேட்டியை இறக்கிவிட்டு, மேல்சட்டைப் பொத்தானைப் போட்டு, காதில் ஒரு பென்சிலும் செருகிக்கொண்டார். எங்கிருந்து அவ்வளவு கம்பீரம் வந்ததோ தெரியாது. தீப்பெட்டிகளை அடுக்கிக் காட்டினார். "கேட்டோ?" என்று ஒவ்வொரு அடுக்குக்கும் நிறுத்திப் புரிந்ததா என்று பார்த்தார். அவர்களும் எதற்கென்று தெரியாமல் "கேட்டோ" என்று திருப்பிச் சொன்னார்கள். நடுவில் கடைத்தெரு ஆடு ஒன்று உள்ளே வந்து சாக்கு நுனியைக் கடிக்க, வாப்பா நிபுணத்துவம் குலையாமல் காலால் விரட்டினார். அந்தப் பக்கம் இருட்டும்வரை வேலை செய்தார்கள். இரண்டு முறை சைரன் ஒலித்து ஓடினார்கள், இரண்டு முறையும் திரும்பி வந்தார்கள். கடைசியில் மீனுக்கு நேராகக் கை நுழைகிற அளவில் ஒரு ஜன்னல் வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் இரண்டு நாள் அழைப்பு வரவில்லை. அவர் வட்டாரத்தில் ஏவுகணை விழுந்ததாகச் செய்தி வந்தது. உம்மா சோற்றை வடித்து வைத்துவிட்டு அதன் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். வாப்பா கடையிலிருந்து மணிக்கொருதரம் "விளிச்சாங்களா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள் போன் அடித்தது. மின்சாரம் போய்விட்டிருந்ததாம். சமையலறைக் கண்ணாடி முழுவதும் நொறுங்கி, அந்த இடத்தில் அட்டை ஒட்டியிருந்தார். ஆள் பத்திரம், தலையில் மட்டும் ஒரு கம்பளித் தொப்பி. பூங்காப் பக்கம் மரங்கள் முறிந்திருந்தன, மூட்டைகள் அசையவில்லை. காலையிலிருந்து அந்த ஜன்னலுக்கு முன்னால் வரிசை நிற்கிறதாம்.

"உன் நிபுணருக்கு நன்றி சொல்லு" என்றவர், ஒரு கண்ணைச் சிமிட்டினார். "சாக்கு விக்கிறவர்னு எனக்கு முதல்லயே தெரியும். கட்டுமான அலுவலகத்துல ஆடு வருமா? தொண்டர்கள்கிட்ட மட்டும் சொல்லல. நிபுணர்னாத்தான் கேட்பாங்க."

எனக்கு முகம் சிவந்தது. உம்மா என்ன என்ன என்று தோளைப் பிடித்து உலுக்கினார். அந்த ஒரு தடவை சொல்லுக்குச் சொல் மொழிபெயர்த்தேன். உம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கேளு மோளே, அவங்களும் தொட்டாங்களா? என்ன கேட்டாங்க?" என்றார்.

கேட்டேன்.

"தலைச்சாயம் பூசி வச்சிருந்தேன்" என்றார் வீட்டுக்காரம்மா. "அலசி முடிக்கிறவரைக்கும் குழாய்ல தண்ணி நிக்கக்கூடாதுன்னு கேட்டேன்."

தண்ணீர் பாதியிலேயே நின்றுவிட்டது என்பதைத் தொப்பியைக் கழற்றிக் காட்டினார்: ஒரு பாதி கேரட் நிறம், மறு பாதியில் அலசாத சாயம் காய்ந்து ஒட்டியிருந்தது.