துண்டுக்குள் நான் பிடித்த இரண்டு விரல்

ஐந்தாம் வகுப்போடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கலாம், செய்த காரியம் எதுவும் கோணல் இல்லை. அடுத்தவன் தோட்டத்தில் திராட்சைக் கொடி கட்டக் கூலிக்குப் போனவன், அதே மண்ணில் ஒன்றரை ஏக்கருக்குச் சொந்தமாகக் கல்தூண் ஊன்றிப் பந்தல் போட்டேன். வெறும் பாறை என்று மூன்று பேர் கைவிட்ட இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீரைக் கண்டேன். பதினைந்து வருஷம் மாட்டுச் சந்தையில் தரகு பார்த்தேன். ஒருவரிடமும் தொழில் படிக்காமல், மோட்டாரைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே ரிப்பேர்க் கடை வைத்தேன். இரண்டு பெண்களைக் கல்லூரிக்கு அனுப்பினேன். எங்கள் வார்டில் கட்சிக் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியது என் கடப்பாரை. கல்வெட்டில் மட்டும் யார் யார் பெயரோ இருக்கிறது.

பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. சரி, பெருமைக்கும்தான். ஆனால் இப்போது என் வயிறு எரிவது வேறு விஷயத்துக்கு.

பேரூராட்சித் தேர்தல் வந்தது. எங்கள் வார்டில் கட்சி சார்பாக நிற்க இரண்டு பேர் விருப்ப மனு கொடுத்தார்கள். ஒருவன் என் மச்சினன், என் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. மற்றவர் சர்ச் தெருக்காரம்மா, போன முறை கவுன்சிலராக இருந்தவர். மாவட்டத்தில் உள்ளவர்கள் யாரையும் பகைக்க விரும்பவில்லை. "வார்டு கமிட்டி ஏழு பேரும் உட்கார்ந்து ஒரு பெயரை எழுதி அனுப்புங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த ஏழு பேரில் நான் ஒருவன்.

மச்சினன் கெட்டவன் இல்லை. கல்யாணம், காதுகுத்து என்றால் முதல் ஆளாக நிற்பான். ஊரில் எந்த பிளக்ஸ் பேனரைப் பார்த்தாலும் ஓரத்தில் கைகூப்பியபடி அவன் முகம் இருக்கும். கட்சிக் கூட்டத்துக்கு மட்டும் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வருவான்.

சர்ச் தெருக்காரம்மா ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர். விடிவதற்கு முன்னால் ஜீப்பில் ஏறி, மலை ஏறி, கேரளா போய்க் களை எடுத்துவிட்டு இருட்டும்போது இறங்குவார். கவுன்சிலரான பிறகும் ஜீப் நிற்கும் இடத்துக்கு வருவதை விடவில்லை. எல்லைச் செக்போஸ்டில் பெண்களை இறக்கி நிறுத்தினால் பாதி மலையாளத்தில் சண்டை போட்டு ஏற்றி அனுப்புவார். வார்டு முழுக்கத் தண்ணீர்க் குழாய் பதித்தபோது தன் தெருவுக்குக் கடைசியில்தான் பதித்தார். இதற்கு நான் சாட்சி. என் கடை மோட்டார்தான் அன்றைக்குக் குழியிலிருந்து சேற்றுத் தண்ணீரை இறைத்தது.

ஆனால் ஊர்ப்பேச்சு வேறு மாதிரி இருந்தது. போன முறை அது பெண்கள் வார்டு, இந்த முறை பொது வார்டு ஆகிவிட்டது. டீக்கடையில் எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தான். "பொம்பளைக வார்டா இருந்தப்ப நின்னாக, சரி. இப்பப் பொதுவாயிருச்சுல்ல? ஆம்பளைக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதுதான?" பொது என்றால் ஆம்பளை என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? படிக்காத எனக்கே தெரிகிறது, படித்தவனுக்குத் தெரியவில்லை.

மச்சினன் மூன்று தடவை வீட்டுக்கு வந்தான். மூன்றாவது தடவை ஒரு தார் நேந்திரங்காயோடு வந்தான்.

"மச்சான், உங்களுக்குச் சொல்லணுமா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா மத்த ஆறு பேரும் மாறுவாக."

"மாப்ளே, நீ கவுன்சிலர் ஆகி என்ன செய்யப் போற?"

"மொதல்ல ஆகிக்கிறேன் மச்சான். பெறகு யோசிப்போம்."

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "எந்தம்பிகிட்டப் பரிச்சை வைக்கிறீகளாக்கும்? நீங்க பாஸான கதை எங்களுக்குத் தெரியாதாக்கும்!"

மச்சினன் மூன்று தடவை வந்தான். அந்த அம்மா ஒரு தடவைகூட வரவில்லை. மற்ற ஆறு பேர் வீட்டுக்கும் போயிருக்கிறார், என் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. தகுதி இல்லாதவன் காலில் விழாத குறையாகக் கேட்கிறான், தகுதி இருப்பவர் கேட்கவே மாட்டேன் என்கிறார். இதில் மனுஷன் எப்படி முடிவெடுப்பது?

ஒரு நாள் விடிகாலையில் நானே ஜீப் நிற்கும் இடத்துக்குப் போனேன். அவர் டிரைவரைப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"ஏலே, இது ஜீப்பா, கோழிக்கூடா? நாலு பேர எறக்கி விடுறா. அடுத்த வண்டியில வரட்டும்."

"ஆத்தா, நேரமாகுது. அங்கன மேஸ்திரி கத்துவான்."

"கத்துனா எனக்குப் போன் போடச் சொல்லு. மலையில உருண்டா மேஸ்திரியா வந்து தூக்குவான்?"

நான்கு பேர் இறங்கினார்கள். வண்டி போன பிறகு என்னைப் பார்த்தார்.

"என்னண்ணே, இம்புட்டு வெள்ளன?"

"சும்மாதான் வந்தேன். வார்டு விஷயமா நீ எங்கிட்ட ஒண்ணும் பேசலையேம்மா?"

அவர் சிரித்தார். "உங்க மச்சினன் நிக்கையில உங்ககிட்ட வந்து எப்பிடிண்ணே கேக்க? உங்க வீட்டுக்குள்ள சண்டைய இழுத்துவிட்ட பாவம் எனக்கு எதுக்கு? நீங்க அவுகளுக்குத்தான் போடுவீக. அதுல எனக்கு வருத்தமில்ல."

எனக்குச் சுருக்கென்றது. என் மேல் அக்கறையில் சொன்ன பேச்சுத்தான். ஆனாலும் என்னைக் கேட்காமலே என் ஓட்டை எழுதி மூடிவிட்டாரே! அந்தக் கோபத்தில் இரண்டு நாள் மச்சினன் பக்கம் சாய்ந்தே இருந்தேன். மூன்றாம் நாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்து எனக்கு நானே கேட்டேன்: உன்னைக் கேட்கவில்லை என்பதற்காகவா அந்த நான்கு பேரை ஜீப்பில் திரும்ப ஏற்றப் பார்க்கிறாய்? அத்தோடு முடிவு பண்ணினேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

கமிட்டி கூடிய அன்று தேனியிலிருந்து ஒரு வக்கீல் பார்வையாளராக வந்தார். உரக்கடை மாடியில்தான் எங்கள் கட்சி ஆபீஸ். வக்கீல் சீட்டு எடுத்து நீட்டியதும் ஏழு பேரும் பின்வாங்கினோம். காரணம் இருக்கிறது. முன்பு ஒரு முறை சீட்டு எழுதிப் போட்டதில், கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிடிபட்டவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பாதி ஊர் போகவில்லை.

"அப்ப டிக் மட்டும் அடிங்க" என்றார் வக்கீல்.

"டிக்கும் ஆளுக்கு ஒரு தினுசா இருக்கும் சார்" என்றார் உரக்கடைக்காரர்.

"கையத் தூக்கலாமா?"

அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் சம்பந்தி, பங்காளி. யார் முன்னால் யார் கை தூக்குவது? அப்போது வழி சொன்னவன் நான். அது சத்தியம்.

மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். இரண்டு பேர் கைக்கும் மேலே துண்டைப் போட்டுவிட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவோம். சுற்றி நூறு பேர் நின்றாலும் பிடித்தவனுக்கும் கொடுத்தவனுக்கும் மட்டும்தான் தெரியும். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து வக்கீல் கையில் போட்டேன்.

"மச்சினனுக்குன்னா சாரோட ஒத்த விரலப் பிடி. அந்தம்மாவுக்குன்னா ரெண்டு விரலு. சார் மனசுக்குள்ளயே எண்ணிக்கிடட்டும். துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்றவன் தரகனே இல்ல. நாளைக்கு யாரு கேட்டாலும் சார் வாயத் தெறக்கக் கூடாது."

வக்கீல் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாக ஒப்புக்கொண்டார். ஒவ்வொருவராகப் போனார்கள். உரக்கடைக்காரர் யோசித்து யோசித்துக் கையை உள்ளேயே வைத்திருக்க, பின்னால் நின்றவர், "யோவ், கைய விடுய்யா, பொண்ணு பாக்கவா வந்திருக்க?" என்றதில் எல்லோரும் சிரித்துவிட்டோம். கடைசியாக நான் போனேன். இரண்டு விரலைப் பிடித்தேன். சந்தேகத்துக்கு இடமில்லாமல் அழுத்தியே பிடித்தேன்.

நாலுக்கு மூன்று. சர்ச் தெருக்காரம்மா வேட்பாளர்.

என் கஷ்டம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மறுநாள் டீக்கடையில் கமிட்டிக்காரர்கள் ஆறு பேரும், தனித்தனியே, "நான் பிடிச்ச ரெண்டு விரல்லதான் அந்தம்மா கரையேறுனாக" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலு ஓட்டுக்கு ஆறு சொந்தக்காரர்கள்! மூன்று பேர் வாய் கூசாமல் பொய் சொல்கிறார்கள். உண்மையில் போட்ட நான் மட்டும் தோற்றவன் ஆள் என்று பெயர் வாங்கிக்கொண்டேன்.

மச்சினன் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதான். "ஊரே கைவிட்ருச்சு மச்சான். நீங்க ஒருத்தராச்சும் எனக்காக நின்னீகளே." மனைவி அன்று நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். நல்ல தொடைக்கறியாகப் பார்த்து என் இலையில் போட்டாள். உண்மையைச் சொன்னால் அந்த வீட்டில் கஞ்சிகூடக் கிடைக்காது. சொல்லாமல் தின்றால் திருடன் மாதிரி இருக்கிறது. தின்றேன்.

அந்த அம்மா ஆறு பேர் வீட்டுக்கும் போய் நன்றி சொன்னார். என் வாசல் வழியாகத்தான் போனார். வணக்கம் வைத்தார், நின்று மோட்டார்க் கடை எப்படி ஓடுகிறது என்று கேட்டார், போய்விட்டார்.

தாங்க முடியாமல் பஸ் ஏறித் தேனிக்குப் போய் வக்கீலைப் பார்த்தேன்.

"சார், நான் யாருக்குப் போட்டேன்னு அந்தம்மாகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லிருங்க."

"ஐயா, துண்டுக்குள்ள நடந்தத வெளிய சொல்றவன் தரகனே இல்லன்னு சொன்னது நீங்கதான."

"நான்தான் சொன்னேன். அதான் நானே கேக்குறேன்ல?"

"இன்னைக்கு நீங்க கேப்பீக. நாளைக்கு உரக்கடைக்காரரு கேப்பாக. ஒருத்தருக்குச் சொன்னா மத்த ஆறு பேருக்கும் சொன்ன மாதிரிதான் ஐயா. மன்னிச்சிருங்க."

அவர் பேச்சில் குற்றம் சொல்ல முடியவில்லை, அதுதான் ஆத்திரம். அத்தனை பக்குவமாக நான் ஏற்படுத்திய முறை, என் வாயையே அடைத்துவிட்டது.

அந்த அம்மா வார்டில் ஜெயித்துவிட்டார். நன்றி அறிவிப்புக் கூட்டத்தில் ஆறு பேருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். நான் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவன் என் தோளைத் தட்டி, "விடுங்கண்ணே, அடுத்த தடவை உங்க மச்சினன் வந்துருவாரு" என்று ஆறுதல் சொன்னான். அன்றைக்குத்தான் இதை எழுதுவது என்று தீர்மானித்தேன்.

மச்சினன் இதைப் படிப்பான், மனைவிக்கு வாசித்தும் காட்டுவான். காட்டட்டும். இனி கோழிக்கறி கிடைக்காது, தெரியும். மாப்ளே, உன் மேல் எனக்கு வஞ்சகம் இல்லை. கவுன்சிலர் ஆகி என்ன செய்வாய் என்று கேட்டேன், நீ பதில் வைத்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

சர்ச் தெருக்காரம்மாவுக்கு நேராகவே சொல்கிறேன். நீங்கள் என்னிடம் கேட்கவில்லை. கேட்காமலே போட்டேன், வீட்டை எதிர்த்துப் போட்டேன். நாலு ஓட்டில் ஒன்று என்னுடையது. அது மச்சினனுக்குப் போயிருந்தால் மூன்றுக்கு நாலு, நீங்கள் தோற்றிருப்பீர்கள். கமிட்டியின் தீர்மான நோட்டில் இதை எழுத வேண்டும். சீட்டு வேண்டாம், துண்டு போடலாம் என்று வழி சொன்னது யார் என்பதையும் அதற்கு அடுத்த வரியில் எழுத வேண்டும். அடுத்த கூட்டத்தில் மைக்கில், என்னை எழுந்து நிற்கச் சொல்லி, எல்லோரும் கேட்க வாசிக்க வேண்டும். பொன்னாடை கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி. எழுதியே ஆக வேண்டும்.