டப்பா சொன்னதும் ரத்தம் சொன்னதும்

எங்கள் தொழிற்சாலையில் காலணியைக் கழற்றிவிட்டு நுழையவேண்டிய இடங்கள் இரண்டுதான். ஒன்று, வாசலருகே இருந்த பிள்ளையார் கோயில். மற்றொன்று, அளவு பார்க்கும் அறை. பிள்ளையாராவது கெஞ்சினால் இரங்குவார். அளவு அறைக்குள் இருந்தவர் இரங்கமாட்டார்.

ஒரகடத்தில் அப்போது பொட்டல் அதிகம், தொழிற்சாலைகள் குறைவு. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள். லாரி பிரேக்குக்கான பாகங்கள் செய்யும் நடுத்தரமான கம்பெனி. நான் கொள்முதல் பிரிவில் இருந்தேன். சின்னச் சின்னப் பட்டறைகளிடமிருந்து உதிரிகளை வாங்கிப் போடுவது என் வேலை. அவற்றை அளந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்வது இன்ஸ்பெக்‌ஷன் சூப்பர்வைசரின் வேலை. மண்ணூர்க்காரர், கிட்டத்தட்ட என் வயது. பட்டறைக்காரர்கள் சரக்கோடு ஒரு சான்றிதழ் அனுப்புவார்கள். எல்லா அளவும் சரியாக இருக்கிறது என்று முத்திரை குத்தி. நல்ல எழுத்தில் அச்சடித்த எதையும் நம்பிவிடுவது என் சுபாவம். நிறையப் படிப்பதால் வரும் கோளாறு அது. அவரோ அந்தச் சான்றிதழின்மேல் டீ கிளாஸை வைப்பார்.

“இன்னா பர்ச்சேஸ் சார், செய்றவனே தப்பா செஞ்சிக்கீறேன்னு எழுதித் தருவானா? அளந்தாதான் தெரியும்,” என்பார். அளப்பார். நான் வாங்கிய சரக்கு திரும்பிப் போகும்.

அப்படிப்பட்ட மனிதர், தனக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்த பிறகு ஒரே ஒரு பொருளை மட்டும் அளக்காமல் ஏற்றுக்கொண்டார். ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் கண்ணாடி அலமாரி முழுக்க ‘சர்க்கரை நோயாளிகளுக்கான’ பண்டங்கள் வந்திறங்கியிருந்தன. பிஸ்கட், லட்டு, கோதுமை மாவு, ஜாம். சம்பளம் வந்ததும் பை நிறைய வாங்கி வருவார். முன்பெல்லாம் டீக்கு இரண்டு பிஸ்கட்டோடு நிறுத்தியவர், இப்போது பாக்கெட் காலியாகும்வரை நிறுத்துவதில்லை. சர்க்கரைதான் இல்லையே! எனக்கும் தருவார். எனக்கு வியாதி இல்லை, ஆனாலும் வருமுன் காப்பது நல்லது என்று நானும் தின்றேன். அந்த வருடம் என் பேண்ட் எல்லாம் இடுப்பில் சண்டை போட்டன.

வீட்டிலும் கவனிப்புக்குக் குறைவில்லை. அவருடைய மனைவி ஏதோ வாரப் பத்திரிகையைப் பார்த்து ‘சர்க்கரை நோயாளிகளுக்கான கேரட் அல்வா’ கிண்டிக் கொடுத்தனுப்புவார். சர்க்கரை ஒரு சிட்டிகைகூட இல்லை. அதற்குப் பதிலாகப் பேரீச்சம்பழமும் தேனும் நாட்டு வெல்லமும். சர்க்கரை புனைபெயரில் எழுதிய அல்வா அது. ருசி அபாரம். காலையில் ஒரு பெரிய சொம்பு நிறையக் கேழ்வரகுக் கஞ்சி வேறு. “கேவுரு நல்லதுபா” என்று ஊரே சொன்னது. எவ்வளவு குடித்தால் நல்லது என்று ஊரில் யாரும் சொல்லவில்லை.

ஒருநாள் காலை, அளவு அறை வாசலில் பாதுகாப்பு ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனவரின் பின்னாலேயே நானும் சரக்கை விடச்சொல்லிக் கெஞ்சிக்கொண்டு போனேன். வெள்ளைத் தரையில் அவர் நடந்த வழியெல்லாம் சின்னச் சின்ன ஈரத் திட்டுகள். சிவப்பு. வலது கால் சாக்ஸ் சுண்டுவிரல் பக்கம் நனைந்து ஒட்டியிருந்தது. ஷூவுக்குள் விரல்களைக் காக்க வைத்த இரும்பு மூடியே உரசி உரசித் தோல் போய், புண்ணாகிக் குழிந்திருந்தது. சர்க்கரையில் கால் மரத்துப்போயிருந்ததால் அவருக்கு வலிக்கவே இல்லை. குனிந்து பார்த்துவிட்டு, “யார்து இது?” என்று கேட்டார். சொந்தக் கால் என்று நம்ப அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

டாக்டர் மாத்திரையை மாற்றினார், தினமும் கட்டு மாற்றச் சொன்னார். சர்க்கரை இறங்காவிட்டால் புண் ஆறாது, ஆறாவிட்டால் விரலை எடுக்கவேண்டி வரலாம், விரலோடு நிற்கும் என்றும் சொல்லமுடியாது என்றார். பாதுகாப்பு ஷூ போடமுடியாதவர் உற்பத்திக் கூடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்பது கம்பெனி விதி. புண் ஆறும்வரை வாசல் கேட்டில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். “வாழ்நாள் பூரா வண்டி நம்பர் எழுதிகினு இங்கயே குந்திக்கினு இருக்கணுமா சார்?” என்று என்னைக் கேட்டார். என் சரக்கு தடையில்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்த காலம் அது. அப்போதும் எனக்குச் சந்தோஷமாக இல்லை என்பதை இங்கே பெருமையோடு பதிவு செய்கிறேன்.

கட்டு மாற்றியவர் எங்கள் மருத்துவ அறை சிஸ்டர். திருநெல்வேலிப் பக்கம். நாட்கள் போயும் புண் அப்படியே இருப்பதைப் பார்த்து, என்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தார்.

“சக்கரையே தொட்றதில்ல சிஸ்டர். எல்லாம் சுகர்காரனுக்குன்னே செஞ்சது. டப்பாலயே போட்டுக்கீது.”

“டப்பா சொல்லுதது இருக்கட்டும் அண்ணாச்சி. உங்க ரத்தம் என்ன சொல்லுதுன்னு கேப்பமா?”

விரல் நுனியில் குத்திப் பார்க்கும் கருவி அப்போது எங்களுக்கெல்லாம் அதிசயம். பிஸ்கட் தின்பதற்கு முன்னால் ஒருதடவை, இரண்டு மணிநேரம் கழித்து ஒருதடவை குத்தினார். பின்னது எங்கோ எகிறியிருந்தது. சிஸ்டர் கருவியை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். சூப்பர்வைசர் முதலில் சந்தேகப்பட்டது பிஸ்கட்டை இல்லை.

“மிஷின் சரியா கீதா? வேற ஆள் மேல போட்டுப் பாரு சிஸ்டர். தோ, பர்ச்சேஸ் சாரக் குத்து.”

நானும் அதே பிஸ்கட்டைத் தின்றிருந்தேன். என்னையும் குத்தினார்கள். அளவு ஒழுங்காக இருந்தது. அவரிடம் திருப்பி அனுப்பப்படாமல் நான் தேறியது அந்த ஒருமுறைதான்.

பிறகு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு, இரும்பில் விரிசல் தேடும் பூதக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பின்பக்கத்தைப் படித்தார். முன்னால் கொட்டை எழுத்தில் ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’. பின்னால் எறும்பு எழுத்தில் மைதா, மாவுச்சத்து, எண்ணெய். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சக்கர போடலன்னுதான் சொன்னான். சக்கர ஏறாதுன்னு அவன் எங்க சொன்னான்? அத நான்தான் மனசுல எழுதிக்கினேன்.”

அதன்பின் அவர் தன் சாப்பாட்டுக்கு நடத்தியது முறையான சரக்குச் சோதனை. ஒரு சமயத்தில் ஒரு பண்டம். முன்னால் ஒரு குத்து, பின்னால் ஒரு குத்து. லட்டு தோற்றது. அல்வா படுதோல்வி, மனைவியிடம் அதைச் சொல்லும் பொறுப்பை என்மேல் தள்ளப் பார்த்தார், நான் ஏற்கவில்லை. விசேஷ மாவுச் சப்பாத்தி நாலு தின்றால் சோற்றுக்குச் சளைத்ததாக இல்லை. மிக மோசமாகக் காலை வாரியது, ஊரே பரிந்துரைத்த கஞ்சி. அதே கேழ்வரகு ஒரு சின்ன அடையாக, கீரை நிறையப் போட்டுச் சுட்டபோது அடக்கமாக நடந்துகொண்டது. சாதாரண கேன்டீன் சோறுகூட, தட்டில் ஓரமாக ஒரு கரண்டியும் மீதியெல்லாம் காயும் முட்டையுமாக இருந்தால் பாஸ் ஆனது.

“யாருக்கோசரம் செஞ்சதுன்றது பேச்சே இல்ல சார். இன்னாத்துல செஞ்சது, எவ்ளோ துன்றோம். அவ்ளோதான்,” என்றார். இதற்குப் பிறகு இந்த விஷயத்தில் நான் படித்த எதுவும் இதைவிடச் சுருக்கமாக இல்லை.

மாத்திரையும் கட்டும் தட்டும் சேர்ந்து வேலை செய்தன. குழி மேடானது, மேட்டில் புதுத் தோல் மினுங்கியது. விரல் பிழைத்தது. டாக்டர் எழுதிக்கொடுத்த அகலமான ஷூவைக் கம்பெனி வரவழைத்தது. அதைப் போட்டுக்கொண்டு அவர் உற்பத்திக் கூடத்துக்குள் நடந்து போனபோது லைனில் இருந்த பையன்கள் ஸ்பேனரால் கம்பியில் தட்டி வரவேற்றார்கள். மதியத்துக்குள் என் சரக்கு இரண்டு வண்டி திரும்பிப் போனது.

இப்போது எனக்கும் சர்க்கரை. அந்த அலமாரி இப்போது கடைகளில் ஒரு வரிசை முழுவதும் நீண்டுவிட்டது. பச்சை இலைப் படம் போட்டு நெஞ்சைத் தொடும் வாசகங்களோடு. மகளும் மருமகனும் அன்போடு வாங்கி வருகிறார்கள். நான் டப்பாவைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கிறேன், தேவைப்பட்டால் விரலைக் குத்திக்கொள்கிறேன். விசேஷ உணவு என்று ஒன்று இல்லவே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஒன்றிரண்டு நிஜமாகவே தேறியிருக்கின்றன. தேறியது என்று என் ரத்தம் சொல்லவேண்டும், அட்டைப்பெட்டி சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

அவர் கால் ஆறிய வருடத் தீபாவளிக்குக் கம்பெனி எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தது. நிர்வாகத்தின் கருணை, சர்க்கரைக்காரர்களுக்கென்று மட்டும் தனியாக ஒரு பெட்டி. தங்க நிறத்தில், வாழ்த்தோடு. கேன்டீனில் வைத்து அதைச் சூப்பர்வைசரிடம் நீட்டினார்கள். வாங்கித் திருப்பிப் பார்த்தார். மரியாதையாக மேசைமேல் வைத்துவிட்டு, என்னுடைய சாதாரணப் பெட்டியைத் திறந்து ஒரு மைசூர்பாகை எடுத்தார். பாதியாக உடைத்தார். அந்தப் பாதியையும் பாதியாக்கி, ஒரு துண்டை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். தட்டில் அன்று சோறு வைத்துக்கொள்ளவில்லை.

“அண்ணாச்சி!” என்று சிஸ்டர் பதறினார்.

“இருக்கட்டும் சிஸ்டர், ரெண்டு அவர்ல வந்து கையக் காட்றேன்,” என்றார் அவர். “சுகர்காரனுக்குன்னு இதோட டப்பால ஒண்ணும் போடல. அதான் எவ்ளோ துன்னணும்னு தெரியுது.”