வாணி டீச்சரின் சத்தமில்லாத வாரம்

கிள்ளானில் கொள்கலன் லோரிகள் ஓயாத சாலையோரத்துத் தமிழ்ப்பள்ளியில் வாணி டீச்சர் பத்தொன்பது ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறார். லோரிச் சத்தத்தோடு போட்டி போட்டு ஒருநாளும் தோற்றதில்லை. நான்காம் ஆண்டு வகுப்புக்கு அவர் நடத்துவதைப் பக்கத்து வகுப்பும் சேர்த்தே கற்றது, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

வீட்டுக்கு வந்தால்தான் குரல் மிச்சமிருக்காது. கணவர் ஜெயராஜ் அலுத்துக்கொள்வார்: "முப்பத்தொரு பிள்ளைங்களுக்கு வாயி, எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பா?"

குரல்நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது என்றார் டாக்டர். இரண்டு வாரம் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. தலைமையாசிரியர் சிவநேசன் நல்ல மனிதர், அதனால் உடனே ஒரு கெட்ட யோசனை சொன்னார்: "லைப்ரரிக்கு மாறிடுங்க டீச்சர். நிம்மதியா இருக்கலாம்."

டீச்சர் வேகமாகத் தலையாட்டி மறுத்தார். வகுப்பில்லாத வாணியை அவருக்கே தெரியாது. ஒரு தாளில் எழுதி நீட்டினார்: "ஒரு வாரம் கொடுங்கள். வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள்."

திங்கட்கிழமையே சிக்கல். வகுப்பு எழுந்து, "வணக்கம் ஆசிரியை!" என்று இழுத்துப் பாடியது. பதில் வணக்கம் வராமல் உட்காரக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டவரே இவர்தான். கையால் உட்காரச் சொன்னார். முன்வரிசை பாதி உட்கார்ந்து, இது ஏதோ பரீட்சை என்று மறுபடி எழுந்தது. ஐந்து நிமிடம் ஆனது.

"டீச்சர், நாங்க என்னலா தப்பு பண்ணோம்?" என்றான் கன்னையா. வகுப்பிலேயே பெரிய வாய் அவனுடையது.

டீச்சர் பலகையில் எழுதினார்: "என் குரலுக்கு ஓய்வு. இதைச் சத்தமாகப் படி. எல்லாரும் உட்காருங்கள்."

கன்னையா படித்தான், அச்சு அசல் டீச்சரின் குரலில். எழுதாததையும் சேர்த்துக்கொண்டான்: "தாமரை! ஜன்னல்ல என்ன படமா ஓடுது?" வகுப்பு குலுங்கியது. டீச்சரும் சத்தமில்லாமல் சிரித்தார். அன்றிலிருந்து பலகையைப் படிக்க நாளுக்கொரு ஆள்.

வெள்ளிக்கிழமை சிவநேசன் வாசலில் வந்து நின்றார். டீச்சர் பலகையில், அரையும் காலும் கூட்டினால் ஆறில் இரண்டு என்று வேண்டுமென்றே தப்பாக எழுதி, கைகட்டிக் காத்திருந்தார்.

"தப்பு டீச்சர்!" தாமரை துள்ளி எழுந்தாள். "அரை ரொட்டி சானாயோட கால் ரொட்டி வெச்சா கொறைஞ்சா போகும்?" பலகைக்கு ஓடி, முக்கால் என்று திருத்தினாள்.

சிவநேசன் கேட்டார்: "இங்க யாருலா பாடம் நடத்துறது?"

"டீச்சர்தான் சார்," என்றான் கன்னையா. "நாங்க வெறும் சத்தம்."

சிவநேசன் டீச்சர் பக்கம் திரும்பினார். பிறகு, "லைப்ரரிக்கு வேற ஆள் பாக்குறேன் டீச்சர். உங்களுக்கு மைக் வாங்கித் தரேன். கொரல் வந்தாலும் கத்தாதீங்க," என்றார்.

டீச்சர் தலை நிமிர்ந்து எழுதினார்: "நன்றி சார். பாடம் முடிய இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது."

கன்னையா உரக்கப் படிக்க வாயெடுத்தான். டீச்சர் வேண்டாமென்று கைகாட்டினார். சிவநேசன் அதற்குள் பாதி நடைபாதை தாண்டியிருந்தார்.